எழுபத்தொண்ணுல அம்பத்தெட்டு

ஜூன் 4

சித்திக்கு,

பேப்பர்ல ஒருத்தருக்கு எழுதுறது எனக்கு இதான் முதல் தடவை. தப்பா எழுதுனா அழிக்க முடியல, அடிச்சுதான் விட முடியுது. அடிச்ச இடமெல்லாம் தெரியும், திட்டாதீங்க!

கை எப்படி இருக்கு? மாவுக்கட்டு எப்ப பிரிப்பாங்க? நாலு தடவை அம்மாவுக்குப் போன் போட்டு உங்ககிட்ட குடுக்கச் சொன்னேன். நாலு தடவையும் நீங்க வாங்கல. உங்க போனும் திருடன் பிடுங்கின பையோட போயிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க. அதான் கடிதம்.

ஆஸ்பத்திரிக்கு வராததுக்கு ஸாரி. மறுநாளே இங்க வேலைல சேரணும்னு சொல்லிட்டாங்க. இங்க எல்லாமே வேற லெவல் சித்தி! ஊருக்குள்ள எங்க ஜனங்க பயப்படுறாங்க, எங்க கேமரா வைக்கணும், எந்த சந்துக்கு விளக்கு வேணும், இதேதான் நாள் பூரா பேச்சு. என்னோட டீம் மேடம் பத்து வருஷமா இந்த வேலைதான் பாக்குறாங்க. அவங்க வீடியோ ஒண்ணு விடாம பாத்துதான் நான் மேப் போடவே கத்துக்கிட்டேன். இப்ப அவங்க பக்கத்து சீட்! நம்ம டவுன் நடுவுல இருக்கிற தெருவெல்லாம் வச்சு, இங்க பயமா இருக்குன்னு ஜனங்க போன்ல அமுக்க அமுக்க சிவப்பாகுற மாதிரி நான் ஒருத்தியா உக்காந்து செஞ்ச அந்த மேப்பைப் பாத்துதான் என்னை எடுத்தாங்க.

கோர்ட்டுக்குப் பின்னாடி உங்க கடை இருக்கிற சந்துலதான் எல்லாத்தையும் விட அடர்த்தியான சிவப்பு. ஒரு விதத்துல பாத்தா, மேப் முன்னாடியே சொல்லிடுச்சுல்ல? யாராவது முன்னாடியே கேட்டிருந்தா உங்க கை உடைஞ்சிருக்காது. இப்ப சந்துக்கு ரெண்டு பக்கமும் இரும்பு கேட் போடப் போறாங்களாம். இனி யாருக்கும் அப்படி நடக்காது.

உடம்பைப் பாத்துக்கங்க.

உங்க வாலு

—

ஜூன் 9

வாலுக்கு,

இடது கை ஒரு விரலால டைப் அடிச்சு பிரிண்ட் எடுத்திருக்கேன். நீளமா எதிர்பாக்காத.

அதென்ன புதுசா நீங்க, வாங்க, போங்க? பேச்சு வந்த நாள்லேர்ந்து என்னை "ஏ சித்தி, வா, போ"ன்னுதான் கூப்பிட்ட. உங்க அம்மா அடிச்சும் மாத்தல. நீ மரியாதை குடுக்குறதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. எதையாவது உடைச்சுட்டுத்தான் நீ இப்படி நல்ல பிள்ளையா நிப்ப.

மறுநாள் வேலைல சேரணும், சரி. உன் பஸ்சு சாயங்காலம் ஆறு மணிக்கு. உங்க அம்மாவே சொன்னா. காலைலேர்ந்து எங்க இருந்த?

மேப் முன்னாடியே சொல்லிச்சாமே. சொன்னது நடந்துச்சா, இல்ல சொன்னதால நடந்துச்சா? நீ அதைப் போடுற வரைக்கும் ஆறரை மணிக்கு நம்ம சந்து எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? வாசல்ல பஸ் ஸ்டாப்பு. ஜூஸ் கடைல நாலு பேர். டெய்லர் கடைல பழைய பாட்டு. என் கடைல "அக்கா, நாளைக்குக் காலைல கோர்ட்டுல குடுக்கணும், சீக்கிரம் ஜெராக்ஸ் போடு"ன்னு கத்துற வக்கீலுங்க. "ஊரிலேயே சிவப்பான சந்து"ன்னு உன் மேப் எல்லார் போன்லயும் சுத்துச்சு. அடுத்த மாசமே பஸ் ஸ்டாப்பை மெயின் ரோட்டுக்கு மாத்துனாங்க. ஆபீஸ் பொண்ணுங்க சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. ஜூஸ் கடைக்காரர் சாமான் எல்லாம் ஏத்திட்டுக் கிளம்பிட்டாரு. டெய்லர் அஞ்சு மணிக்கே பூட்டிடுறாரு.

அன்னைக்கு அவன் பையை இழுத்தப்ப மணி ஆறே முக்கால். வெளிச்சம் இன்னும் போகல. கத்தினேன். என் சத்தம் அந்தக் கோடி வரைக்கும் போய் எனக்கே திரும்ப வந்துச்சு. அவ்வளவு காலி.

கேட் போட்டா என் கடைக்கு எவன் வருவான்? இருபத்தேழாம் தேதி மாநகராட்சில கூட்டம். அதுல முடிவு பண்ணிடுவாங்க. "எழுபத்தோரு பேர் இந்த சந்துல பயமா இருக்குன்னு சொல்லிருக்காங்க"ன்னு உன் மேப்பைத்தான் நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்காங்க. யாருடி அந்த எழுபத்தோரு பேர்? பதினாலு வருஷமா அங்க உக்காந்திருக்கேன். ஒருத்தியாவது வந்து "அக்கா, இங்க நடக்கப் பயமா இருக்கு"ன்னு என்கிட்ட சொல்லிருக்க மாட்டாளா?

சித்தி

(இதுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். கடைப் பழக்கம்.)

—

ஜூன் 13

சித்தி,

இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். ரூம்ல கூட இருக்கிற பொண்ணு "யாருக்கு லவ் லெட்டரா?"ன்னு கேக்குறா. ஆமான்னு சொல்லிட்டேன். உண்மையச் சொல்றதை விட அது ஈசியா இருந்துச்சு.

எழுபத்தோரு பேர் இல்ல.

எழுபத்தோரு தடவை. அதுல அம்பத்தெட்டு ஒரே போன்லேர்ந்து வந்தது. யார் போன்னு எனக்குத் தெரியாது, பேரெல்லாம் வராது. ஆனா ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் வரும், அதை நான் மட்டும் பாக்கலாம். அந்த அம்பத்தெட்டும் ஒரே நம்பர். தினமும் சாயங்காலம் ஆறு நாப்பது, ஆறு நாப்பத்தஞ்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல.

ஒரு போனை ஒரு தடவைதான் எண்ணணும். அதான் முறை. மேடமோட மூணாவது வீடியோவிலேயே அது வரும். மத்த தெருவெல்லாம் நான் அப்படித்தான் எண்ணினேன். உங்க சந்துக்கு மட்டும் எண்ணல. ஏன்னா அந்த லிஸ்ட்டை நான் திறந்து பாக்குறதுக்கு முன்னாடியே "ஊரிலேயே சிவப்பான சந்து"ன்னு போஸ்ட் போட்டுட்டேன். ரெண்டு மணி நேரத்துல நாலாயிரம் ஷேர்! என் லைஃப்ல பதினேழு லைக்குக்கு மேல வாங்குனதே இல்ல. அதுக்கப்புறம்தான் பாத்தேன். சரியா எண்ணினா உங்க சந்து வெறும் பதினாலு. சாதா மஞ்சள். பஸ் ஸ்டாண்டு பக்கமே அதை விட மோசம்.

யாரோ ஒரு பொண்ணு தினமும் ரொம்பப் பயந்துபோய் அமுக்குறான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படின்னா அவளைத் தேடிருக்கணும்ல? தேடல.

அன்னைக்குக் காலைல எங்க இருந்தேன்னு கேட்டீங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. பழம் கூட வாங்கிட்டேன். ரோட்டைத் தாண்டல. உங்க கட்டுப்போட்ட கையைப் பாத்தா நான் இதைச் சொல்லிடுவேன்னு பயம்.

தயவுசெஞ்சு அம்மாகிட்ட சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.

வாலு

—

ஜூன் 17

வாலுக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் ஆச்சு. முதல்ல உன்னைத் திட்டி ஒரு பக்கம் அடிச்சேன். அப்புறம் "ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல"ங்கிற இடத்தைத் திரும்பப் படிச்சேன்.

நம்ம சந்துல ஞாயித்துக்கிழமை லீவு விடுற கடை யாரோடது? ஆறு நாப்பதுக்கு ஷட்டரை இறக்குறது யாரு?

நான்தான்டி. அந்த அம்பத்தெட்டும் நான்தான்.

நீதானே அந்த மேப்பை என் போன்ல போட்டுக் குடுத்த? போட்டுட்டு நிக்காம ஓடுன. அதுல ஒரு பல்பு படம் சிவப்பா இருந்துச்சு. என் கடை வாசல் தெருவிளக்கு அப்ப மூணு மாசமா எரியல. மாநகராட்சிக்கு எழுதிக் குடுத்தேன், பதில் இல்ல. சரி, நம்ம பொண்ணு ஏதோ புதுசா பண்ணிருக்கா, பல்பு எரியலன்னா இதை அமுக்கணும் போலன்னு நினைச்சேன். பூட்டிட்டு வெளிய வருவேன், மேல பாப்பேன், எரியாது, அமுக்குவேன். அமுக்கினா "நன்றி, பதிவு செய்யப்பட்டது"ன்னு வரும். நன்றி சொல்றாங்களே, நாளைக்கு ஆள் வந்துடுவான்னு வீட்டுக்குப் போவேன்.

பயத்துக்கு எவளாவது பல்பு படம் போடுவாளா? பேய் படம் போட்டிருந்தா நான் தொட்டிருப்பேனா? உன்னால ஊரே பல்பு வாங்கிடுச்சு, அதுல முதல் பல்பு எனக்கு.

சிரிக்கத்தான் பாக்குறேன். முடியல. ஜூஸ் கடைக்காரர் போறப்ப என்கிட்ட வந்து "யாரு அக்கா இப்படிப் பொய்யா போட்டுவிட்டது, நாசமாப் போக"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் கூடச் சேந்து "ஆமா, நாசமாப் போக"ன்னேன். இப்ப சாப்பிட உக்காந்தா அது ஞாபகம் வருது.

நான் தெரியாம பண்ணேன். நீ தெரிஞ்சு விட்ட. ரெண்டையும் ஒண்ணாக்க மாட்டேன். ஆனா இருபத்தேழாம் தேதி ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொன்னா கேட் நிக்கும். என் போன் அந்தத் திருடன்கிட்ட இருக்கு. எது எத்தனைன்னு காட்ட உன்னால மட்டும்தான் முடியும்.

வா. காலைல பத்து மணிக்கு.

சித்தி

(உன் கடிதத்துக்கும் ஒரு காப்பி எடுத்திருக்கேன்.)

—

ஜூன் 21

சித்தி,

காப்பி எடுத்திருக்கேன்னு எதுக்கு எழுதுனீங்க? அதைப் படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல.

நீங்கதான் அந்தப் போன்னு எனக்கு நிஜமா தெரியாது. பல்பு படம் நான் வரைஞ்சதுதான். "இருட்டு, அதனால பயம்"னு ஒரு ஐடியா. அப்ப ரொம்ப க்யூட்டா இருந்துச்சு.

இருபத்தேழு என்னால வர முடியாது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மேடம் வேற ஒரு ஊர்க்காரங்களுக்கு நம்ம மேப்பை வச்சுத்தான் பேசப் போறாங்க. மெயின் உதாரணமே உங்க சந்துதான். பெரிய ஸ்க்ரீன்ல. நேத்து எல்லார் முன்னாடியும் "இவ தானா கத்துக்கிட்ட பொண்ணு"ன்னு என் தோள்ல தட்டினாங்க. நான் இப்ப போய் அது தப்புன்னா, நான் வேலைக்கு வந்ததே தப்புன்னு ஆயிடும். இன்னும் மூணு மாசம் ஆனா வேலை நிரந்தரம். அப்புறம் நானே மெதுவா மேப்பைச் சரி பண்ணிடுவேன், சத்தியமா.

அதுவரைக்கும் நீங்க சொல்லலாமே? பட்டன் புரியாம அமுக்கிட்டேன்னு சொன்னா யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வயசானவங்க, தெரியாம பண்ணிட்டாங்கன்னு விட்டுடுவாங்க. அந்தக் கடிதத்தை மட்டும் காட்டிடாதீங்க. கால்ல விழுந்து கேக்குறேன்.

வாலு

—

ஜூன் 28

வாலுக்கு,

எனக்கு நாப்பத்தாறு வயசு. வயசானவங்களாம்.

நேத்து போனேன். இருநூறு நாற்காலி போட்டு ஒரு ஹால், மேடைல அஞ்சு ஆபீசருங்க, பின்னாடி உன் மேப்பு சுவத்தளவுக்கு. நம்ம சந்து ரத்தக்கட்டு மாதிரி இருந்துச்சு. என் முறை வந்தப்ப மைக்குக்கிட்ட போய் "அந்த எழுபத்தொண்ணுல அம்பத்தெட்டு நான்தாங்க அமுக்குனேன், பல்பு எரியலன்னு"ன்னு சொன்னேன்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. அப்புறம் பின்னாடிலேர்ந்து ஒருத்தன், "அக்கா, வீட்ல ஃபேன் ஓடலன்னா ஃபேன் படம் தேடி அமுக்குவீங்களா?" ஹாலே சிரிச்சுது. மேடைல ஒருத்தர் ஃபைலால வாயை மூடிக்கிட்டாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது, மைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு?

பெரிய ஆபீசர் நல்லவர் மாதிரித்தான் இருந்தாரு. "அம்மா, அம்பத்தெட்டுன்னு எப்படிக் கரெக்டா சொல்றீங்க? எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"ன்னு கேட்டாரு. உன் கடிதத்துல படிச்சேன்னு சொல்ல முடியுமா? "ஆமா, எண்ணினேன்"னேன். அங்கதான் கெட்டுச்சு. கேட் வரக்கூடாதுன்னு கடைக்காரி கதை கட்டுறான்னு ஆயிடுச்சு. "மேப் போட்டவங்க யாருன்னு தெரியுமா, அவங்க எழுதிக் குடுத்தா பாக்கலாம்"னு கேட்டாரு.

தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டு வந்து உக்காந்தேன். டெய்லர் என் பக்கத்து நாற்காலிலேர்ந்து எழுந்து ரெண்டு வரிசை தள்ளிப் போய் உக்காந்தாரு. நீ என் அக்கா பொண்ணுன்னு அவருக்குத் தெரியுமே. நீ சின்னப் பிள்ளைல போட்ட கவுனு எல்லாம் அவர் தச்சது. அம்பத்தெட்டுக்காகப் போனாரா, இந்தப் பொய்க்காகப் போனாரான்னு தெரியல.

ஜூலை பத்து வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள எழுத்துல எதுவும் வரலன்னா கேட்.

உன் பதிமூணாம் தேதி கடிதம் இதோட இருக்கு. அதோட காப்பியும் இருக்கு. பைக்குள்ளதான் வச்சிருந்தேன், கை அதுமேலயே இருந்துச்சு. வெளிய எடுக்கல. இனி என்கிட்ட எதுவும் இல்ல. நிம்மதியா தூங்கு.

சித்தி

—

ஜூலை 3

ஏ சித்தி,

நீ சொல்லாத ஒண்ணை நான் சொல்லணும். நான் அதைப் பாத்தேன். முழுசா.

கூட்டத்தை லைவ்ல போட்டாங்க. ஆபீஸ்ல ஒரு காதுல மட்டும் ஹெட்போன் போட்டுக்கிட்டு, டேபிளுக்குக் கீழ போனை வச்சு. இருநூத்திப் பன்னெண்டு பேர் பாத்துட்டு இருந்தாங்க, அதுல நான் ஒருத்தி. நீ மைக்கை இடது கைல பிடிக்கத் தெரியாம பிடிச்ச. அந்த ஆள் ஃபேன் ஜோக் அடிச்சதும் கமெண்டுல சிரிப்பா கொட்டுச்சு. "பல்பு ஆன்ட்டி"ன்னு எவனோ ஆரம்பிச்சான். பத்து நிமிஷத்துல உன் மூஞ்சியக் கட் பண்ணி ஸ்டிக்கர் பண்ணிட்டாங்க. "அவங்க சொல்றது உண்மை, மேப் போட்டது நான்"னு கமெண்ட்ல டைப் பண்ணினேன் சித்தி. சத்தியமா டைப் பண்ணினேன். விரல் அந்தப் பட்டன் மேலேயே நின்னுச்சு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். நீ "தெரியாது"ன்னு சொன்னப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு தோணுச்சு. அதை எழுதாம விட்டா இந்தக் கடிதமும் பொய்யாயிடும், அதான் எழுதுறேன்.

ரெண்டு நாள் கழிச்சு மேடம் பெரிய ஸ்க்ரீன்ல உன் சந்தைக் காட்டுறப்ப பக்கத்து சீட்டுப் பொண்ணு அந்த ஸ்டிக்கரை எனக்கு அனுப்பினா. "உங்க ஊருதானே, யாருடி இது லூசு"ன்னு கேட்டா. நானும் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பினேன்.

உன் கவர் புதன்கிழமை வந்துச்சு. ரெண்டு காகிதத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாத்தேன். நான் அடிச்சுவிட்ட இடமெல்லாம் காப்பியில இன்னும் கறுப்பா இருந்துச்சு.

ஒரிஜினலை மாநகராட்சிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். கூடவே அந்த எழுபத்தொண்ணுக்கும் முழு லிஸ்ட்டு, நேரத்தோட. காப்பியைப் படம் எடுத்து மேப்போட முதல் பக்கத்துல என் பேரோட போட்டுட்டேன். இந்தத் தடவை ஷேர் பதினொண்ணாயிரம். என்னைப் பத்தி என்னென்ன எழுதுறாங்கன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். ஸ்டிக்கர்ல இப்ப உன் மூஞ்சிக்குப் பக்கத்துல என் மூஞ்சி.

மேடம்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவங்க கத்தல. "எனக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு ஜனங்க கேப்பாங்களே"ன்னு மட்டும் சொன்னாங்க. நாளைலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க.

இதெல்லாம் உனக்காகப் பண்ணேன்னு சொல்லல. ஸ்டிக்கருக்கு நான் சிரிச்சேன்ல, அதைத் தாங்க முடியாமதான் பண்ணேன்.

வாலு

—

ஜூலை 11

வாலுக்கு,

கேட் இப்போதைக்கு இல்ல. மூணு மாசம் பாக்கலாம்னு நேத்து எழுதிக் குடுத்திருக்காங்க. பஸ் ஸ்டாப்பு திரும்ப வராது. அதுக்கு வேற ஃபைலாம், வேற ஆபீசாம்.

ஜனங்களும் வரல. நீ என்ன எழுதிப் போட்டாலும் சிவப்புதான் அவங்க மனசுல நிக்குது. அதனால கடைக்காரங்க சேந்து ஒரு முடிவு பண்ணிருக்கோம். ஞாயிறு தவிர தினமும் அஞ்சரைலேர்ந்து ஏழரை வரைக்கும் ஒருத்தர் சந்து வாசல்ல நாற்காலி போட்டு உக்காரணும். ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நாலு பேர் நடப்பாங்க. நாலு பேர் நடந்தா அஞ்சாவது ஆள் வருவான். டெய்லர் திங்கள், செவ்வாய். கண்ணாடிக் கடைக்காரர் புதன். வியாழன், வெள்ளி, சனி உனக்கு. நான் பேர் குடுத்துட்டேன், யாரும் ஆகாதுன்னு சொல்லல. வேலைதான் இல்லையே, வா.

எல்லாரும் உன்னை அடையாளம் கண்டுபிடிப்பாங்க. திட்டுவாங்க. நான் நடுவுல வர மாட்டேன். என்கூடப் பேசணும்னு கடைக்குள்ள வராத. உன் சிரிப்பு பொம்மையை இன்னும் என்னால முழுங்க முடியல. ஊருக்கு வந்ததும் நேரா உங்க வீட்டுக்குப் போ, சாவி உங்க அம்மாகிட்ட இருக்கு.

சித்தி

—

ஜூலை 18, சனி
(தபால்ல இல்ல, உன் ஷட்டருக்கு அடியில)

சித்தி,

கடைக்குள்ள வராதன்னு சொன்ன, வரல. எழுத வேண்டாம்னு சொல்லல. இது நான் மூணு நாள் உக்காந்ததுக்குக் கணக்கு.

வியாழக்கிழமை ஒம்போது பேர் நடந்தாங்க. டெய்லர் என்னைத் தாண்டிப் போறப்ப "நாற்காலியை வெயில்லேர்ந்து தள்ளிப் போடு"ன்னார். அவ்வளவுதான் பேசினார். வெள்ளிக்கிழமை ரெண்டு காலேஜ் பொண்ணுங்க தூர நின்னு என்னைப் போட்டோ எடுத்துட்டு மெயின் ரோடு வழியா போயிட்டாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கல. திருப்பணும் போல இருந்துச்சு.

இன்னைக்கு ஆறரை மணிக்கு ஒரு அக்கா வந்தாங்க. தோள்ல ஆபீஸ் பை, கைல போன். போனைப் பாத்தாங்க, சந்தைப் பாத்தாங்க, திரும்பப் போனைப் பாத்தாங்க. போன்ல என்ன திறந்திருக்குன்னு எனக்குத் தெரியும். "இந்த வழியா போலாமாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் எழுந்து நின்னு, "அந்த மேப் போட்டவ நான்தாங்க, அது தப்பு"ன்னேன்.

அவங்க கோபப்படல. "அப்ப உனக்குத்தான் நல்லாத் தெரியும். நீ சொல்லு, போலாமா?"ன்னாங்க.

சித்தி, போலாம்னு எந்த வாயால சொல்றது? உன் கை உடைஞ்ச சந்து அது. "தெரியலங்க. நான் முன்னாடி நடக்குறேன், நீங்க பின்னாடி வாங்க"ன்னேன். பத்தடி விட்டுத்தான் வந்தாங்க. ஆனா வந்தாங்க. என் செருப்புச் சத்தம், அதுக்குப் பின்னாடி அவங்க செருப்புச் சத்தம்.

உன் கடையைத் தாண்டுறப்ப நீ உள்ள மெஷினுக்குப் பேப்பர் வச்சுட்டு இருந்த. கட்டுப் பிரிச்ச கையால. ரெண்டு பேர் நடக்குற சத்தம் கேட்டு நீ நிமிர்ந்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தலையைத் தூக்கிப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. கோடி வரைக்கும் அப்படியே நடந்தேன்.

வாலு